எட்டும் தூரம்

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். சென்னை 530. தென்கோடித் தமிழர்களின் காது அரை நூற்றாண்டுக் காலம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று விளங்கிக்கொள்ள இந்த இரண்டு எண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தூரம் மட்டும் காரணமில்லை. வானொலியின் மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே போகும். போகிற வழியில் தரை மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ அவ்வளவுக்கு அலை தேயாமல் போகும். உப்புக் கடல் வறண்ட மணலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான கடத்தி. சென்னையிலிருந்து கிளம்பும் அலை செம்மண்ணையும் பாறையையும் கரிசலையும் கடந்து வருவதற்குள் மெலிந்துவிடும். கொழும்பிலிருந்து கிளம்புவது மன்னார் வளைகுடாவின் நீர்ப்பரப்பில் அதிகம் இழக்காமல் வந்து திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று கரையேறிவிடும். தேரிக்காட்டுக்குள் இருக்கும் ஊர்களில்கூட சிலோன் ரேடியோ பக்கத்து வீட்டுப் பேச்சைப்போல் கேட்டதற்கு இந்த உப்புத் தண்ணீர்தான் முதல் காரணம்.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்றுதான் வந்தது. அதற்கு முன் இந்தப் பகுதிக்கு உரிய தமிழ் நிலையங்கள் என்றால் 1938இல் தொடங்கிய சென்னையும் 1939இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளியும்தான். திருவனந்தபுரம் அருகில்தான் இருக்கிறது. 1943இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் தொடங்கிய அந்த நிலையம் நாஞ்சில் நாட்டு மக்களுக்கு நல்ல பழக்கம். மலைக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு அது அடுத்த வீடாக ஒருபோதும் ஆகவில்லை. இடையில் மலையும் இருந்தது, மொழியும் இருந்தது. ஆக, காயல்பட்டினத்தில் இருப்பவருக்குச் சொந்த மொழியில் பேசும் மிக அருகான குரல்களில் ஒன்று வேறொரு நாட்டில் இருந்தது. வரைபடத்தில் எந்தக் கோடு எங்கே போனாலும் காதுக்கு இருந்த நிலப்படம் இதுதான்.

இரவில் இந்த நிலப்படமே மாறிவிடும். பகலில் சூரியன் வானத்தின் மேலே, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கை உண்டாக்குகிறது. மேல்நோக்கிப் போகும் மத்திய அலையை அது விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அதற்கும் மேலே உள்ள அடுக்குகள் அலையை மடக்கிப் பூமிக்கே திருப்பி அனுப்பும். பகலில் எட்டாத ஊர்களெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்வது இப்படித்தான். சென்னை வரும், ஹைதராபாத் வரும், எந்த மொழி என்றே தெரியாத ஏதோ ஒரு நிலையம் வரும். தரைவழி வந்த அலையும் வானத்தில் பட்டுத் திரும்பிய அலையும் ஒன்றோடொன்று மோதும்போது குரல் பெருகி, மெலிந்து, மறுபடி பெருகும். எங்கள் பக்கத்தில் இதை "அலை அடிக்குது" என்பார்கள். இயற்பியல் படிக்காத ஒருவர் சொல்லக்கூடிய மிகச் சரியான விளக்கம் அது.

நிலையங்களின் அலைவரிசை எண்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருநெல்வேலி 1197, திருச்சி 936, சென்னை 720, கோவை 999, பின்னால் 1987இல் வந்த மதுரை 1269. எந்த எண்ணை எடுத்தாலும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 1975இல் ஜெனீவாவில் கூடி, ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா முழுவதற்கும் நிலையங்களுக்கிடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்று வகுத்தார்கள். 1978 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. கோவில்பட்டியில் ஒரு டீக்கடைப் பெட்டியின் முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஜெனீவாவில் முடிவு செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

அந்த முள்ளை நகர்த்துவது ஒரு கைப்பழக்கம். திருகைச் சுற்றினால் உள்ளே ஒரு நூல் ஓடும். முள் அந்த நூலில் கட்டப்பட்டிருக்கும். நூல் தளர்ந்துவிட்டால் திருகு சுற்றும், முள் நகராது. அப்போது ரேடியோ ரிப்பேர் அண்ணாச்சியிடம் போக வேண்டும். அவர் பின்மூடியைக் கழற்றினால் விரல் தடிமனில் ஒரு கறுப்புத் தண்டு தெரியும். அதன்மேல் மயிரிழை போன்ற செம்புக் கம்பி சுற்றியிருக்கும். பெட்டியின் உண்மையான ஏரியல் அதுதான். தண்டு நீளவாட்டில் கிடப்பதால் பெட்டியின் முகம் நிலையம் இருக்கும் திசையைப் பார்த்தால் குரல் ஓங்கும், பக்கவாட்டில் திரும்பினால் அடங்கிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் திசை தெரியும். தென்கிழக்கே பார்த்து வைத்தால் கொழும்பு, வடக்கே திருப்பினால் திருச்சி. இரண்டு நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் வேண்டாததை அடக்குகிற கோணத்துக்குப் பெட்டியைத் திருப்பிவிடுவோம். "ஏல, பெட்டிய லேசாத் திருப்பு" என்று ஆச்சி அடுக்களையிலிருந்து சொல்வாள். அவள் ஊரைவிட்டு வெளியே அதிகம் போனவள் இல்லை. ஆனால் கொழும்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவாள், சரியாகவும் இருக்கும்.

சிலோன் ரேடியோமேல் தமிழ்நாட்டுக்கு இருந்த பிரியத்துக்குப் பாட்டுதான் காரணம் என்று பலரும் எழுதிவிட்டார்கள். 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். 1950இல் தொடங்கியிருந்த இலங்கையின் வர்த்தக ஒலிபரப்பு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் 1957இல் விவித் பாரதி வந்தது. எல்லாம் உண்மை. பாட்டுக்கு நிகராக அங்கிருந்து வந்த தமிழும் எங்களை இழுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஸ்.பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று ஒவ்வொரு குரலுக்கும் ஒரு முகத்தை நாங்களே வரைந்து வைத்திருந்தோம். ஒலிவாங்கிமுன் எப்படிப் பேசுவது என்பதை ஒரு கலையாகவே யோசித்த மரபு அங்கே இருந்தது. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்த சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியில் வேலை பார்த்தவர்தான். 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு நூலே எழுதினார். தமிழில் ஒரு புதிய ஊடகத்தைப் பற்றி அதை நடத்துகிறவரே உட்கார்ந்து சிந்தித்து எழுதிய நூல் என்ற வகையில் அதற்கு உரிய மரியாதையை நாம் இன்னும் செய்யவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் பாட்டுக்காக ஒலியைக் கூட்டியதைவிட மரண அறிவித்தலுக்காகக் கூட்டியதுதான் அதிகம். பாட்டுகளுக்கு நடுவே ஒரு மணியோசையோ மெல்லிய இசையோ வரும். பிறகு பெயர். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர். காலஞ்சென்ற இன்னாரின் மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, இன்னின்னாரின் தாய், மைத்துனி, பெரியம்மா. ஈமக்கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம். உற்றார் உறவினர் நண்பர்கள் இந்த அறிவித்தலை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்ற இறக்கமில்லாமல், அவசரப்படாமல், ஒரு பெயரையும் விழுங்காமல் வாசிப்பார்கள். ஆச்சி அம்மியில் கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். முடிந்ததும், "பாவம், கடைசிப் பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் முடியல போலுக்கே" என்பாள். மருமக்கள் பெயர் வரிசையில் ஒரு பெயர் குறைந்ததை வைத்து அவளாகக் கண்டுபிடித்தது அது. சாவகச்சேரியும் பருத்தித்துறையும் வந்தாறுமூலையும் கல்முனையும் புவியியல் பாடத்தில் எங்களுக்கு வரவில்லை. செத்துப்போனவர்களின் ஊர்களாகத்தான் வந்தன. ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்த ஊர்ப்பெயர்கள் செய்தியில் வரத் தொடங்கின. ஈழத்தில் நடந்ததைத் தமிழ்நாட்டின் மற்ற பகுதிகள் அரசியலாக அறிந்துகொண்டன. தென்கடற்கரையில் அதற்கு முன்பே ஒரு பரிச்சயம் இருந்தது. தீப்பிடித்தது எந்தத் தெருக்கள் என்று தெரியாது. அந்த ஊரில் தாய்க்காரி ஒருத்தி போன வருடம் போய்ச் சேர்ந்தாள், அவள் பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள் என்று தெரியும். ஒரு வானொலி இதைவிடப் பெரிதாக எதையும் செய்துவிட முடியாது என்று நான் நினைக்கிறேன். இத்தனைக்கும் அது எங்களுக்காகச் செய்யப்பட்ட ஒலிபரப்பே இல்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போன செய்தியைக் கடல் எங்களுக்கும் கொண்டுவந்து கொடுத்தது.

திருநெல்வேலி நிலையம் வந்தபிறகு முதன்முறையாக எங்கள் ஊர்ப்பெயர்களும் காற்றில் வந்தன. அதன் மதிப்பை விளக்க அணை நீர்மட்டம் ஒன்று போதும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு: இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி என்பது தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எண்ணைக் கேட்டதும் கடைமடைக்காரர் மனத்துக்குள் கணக்குப் போடுவார்: இந்த மட்டத்துக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு எவ்வளவு வரும், வாய்க்காலில் எப்போது திறப்பார்கள், நாற்று எப்போது பாவலாம். தஞ்சாவூர்க்காரருக்கு இந்த எண்களால் ஒரு பயனும் கிடையாது. அவருக்கு மேட்டூர் வேண்டும். அதைத் திருச்சி சொல்லும். நிலையத்துக்கு நிலையம் இப்படி ஓர் ஆற்றுப்படுகை இருந்தது.

திருச்சியின் பண்ணை ஒலிபரப்பு செய்த ஒரு காரியம் இந்திய வானொலி வரலாற்றில் நின்றுவிட்டது. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லை உருவாக்கியது. விதைக்கும் பருவம், உரத்தின் அளவு, பூச்சிக்கு என்ன செய்வது என்று வானொலி விடாமல் சொன்னது. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காற்றில் வந்த பேச்சு களத்துமேட்டில் குவியலாக நின்றது. அந்தப் பேச்சு பலித்ததற்குக் காரணம் அது குறிப்பிட்ட மண்ணுக்குச் சொல்லப்பட்டது என்பதுதான். பின்னாளில் 'இன்று ஒரு தகவல்' மூலம் தமிழ்நாடு முழுவதும் அறிந்த தென்கச்சி கோ. சுவாமிநாதனும் வேளாண்மை படித்துவிட்டு நெல்லை நிலையத்தில் பண்ணை நிகழ்ச்சி நடத்தியவர். அவர் பேச்சில் இருந்த நிதானம் வரப்பில் நின்று பேசிப் பழகியவரின் நிதானம் என்று எனக்குத் தோன்றும்.

இந்த நிகழ்ச்சிகளைப் பெரும்பாலோர் சொந்தப் பெட்டியில் கேட்கவில்லை. அஞ்சலகத்தில் ஆண்டுக்கொருமுறை பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. 1980கள் வரை அந்த வழக்கம் இருந்தது. ஊராட்சி அலுவலகத்தில் பெட்டி இருக்கும், வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி. சாயங்காலம் அதன் அடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விதை விலையைப் பற்றி ஏதாவது வந்தால் ஒருவர் சந்தேகம் கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார், அதற்குள் அடுத்த செய்தி போய்விடும். கேட்பது கூடிச் செய்யும் காரியமாக இருந்தது.

நெல்லை நிலையத்தில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் ஒலித்ததைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கோயில் கொடையில் விடிய விடிய நடக்கும் ஒன்றை வானொலிக்காக அரைமணிக்குள் சுருக்கும்போது என்னவெல்லாம் போயிற்று என்ற கேள்வி எனக்கு உண்டு. கொடை நின்றுபோன ஊர்களில் அந்த அரைமணிதான் மிச்சம் என்பதும் உண்மை. அந்தப் பதிவுநாடாக்கள் அத்தனையும் எண்ணிமமாக்கப்பட்டு, மக்கள் கேட்கும்படி திறந்துவிடப்பட வேண்டும். அவை அந்தக் கலைஞர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய சொத்து.

நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30இல் நாகர்கோவிலில் தொடங்கியது. ஒரு மாவட்டத்துக்காக மட்டும் பேசும் நிலையம் என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. குமரிப் பகுதி 1956 வரை வேறொரு மாநிலத்தில் இருந்தது, மூன்று பக்கமும் கடல் அல்லது மலை, பேச்சிலேயே ஒரு தனி ராகம். அந்த நிலையம் பேசும் பண்பலை நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். குமரிக்கு அதுவே வேலியாகவும் அமைந்தது.

மலையையே மேடையாக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கோடை பண்பலை சாட்சி. கொடைக்கானலில் 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கும் கோபுரத்துக்கு அடிவானம் 180 கிலோமீட்டரைத் தாண்டி இருக்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல், கரூர் என்று சமவெளி முழுவதும் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒரே குரல் கேட்டது. தறிக்கூடங்களிலும் பேருந்துகளிலும் தையல்கடைகளிலும் அது நாள்முழுதும் ஓடியது. நல்ல நிலையம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அத்தனை மாவட்டங்களுக்குச் சேர்த்துப் பேசும்போது எந்த அணையின் மட்டத்தைச் சொல்வது என்ற கேள்வி வந்துவிடுகிறது. விரிய விரியப் பொதுவாகத்தான் பேச முடியும்.

இப்போது கைபேசிச் செயலியில் எந்த நிலையத்தையும் எங்கிருந்தும் கேட்கலாம். துபாயில் வேலைபார்க்கும் என் தம்பி காலையில் நெல்லை நிலையத்தைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறான். அவனுக்கு அது கிடைத்ததில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. ஆனால் ஊரில் மத்திய அலை கேட்பதற்கு இருந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. எல்.இ.டி. விளக்குகளும் கைபேசிச் சார்ஜர்களும் கிளப்பும் இரைச்சலில் வீட்டுக்குள் பெட்டியைப் போட்டால் கரகரப்புதான் கேட்கிறது. கைபேசியில் மத்திய அலை கிடையாது. நாட்டின் பல மத்திய அலை ஒலிபரப்பிகள் அண்மை ஆண்டுகளில் நிறுத்தப்பட்டுவிட்டன. எங்கிருந்தும் கேட்கலாம் என்று ஆனபிறகு யாருக்காகப் பேசுகிறோம் என்பது மங்கிவிடுகிறது. ஒரு குரல் இன்ன எல்லைவரைதான் எட்டும் என்று தெரிந்திருந்தபோது அந்த எல்லைக்குள் இருப்பவர்களின் வாய்க்காலும் சந்தையும் சாவும் அதன் பொறுப்பாக இருந்தன. எல்லை போனதும் அந்தப் பொறுப்பும் தளர்ந்ததை நான் கேட்டே உணர்ந்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டு வந்தது. முதலில் மின்சாரம் போனது, பிறகு கைபேசிக் கோபுரங்கள். இன்டர்நெட் இல்லை என்றால் செயலியும் இல்லை. ஆறு எவ்வளவு வருகிறது, எந்தப் பாலம் நிற்கிறது, எந்தப் பக்கம் போனால் மேடு என்று கேட்க எங்கள் தெருவில் பேட்டரியில் ஓடும் ஒரு டிரான்சிஸ்டரைத் தேடினோம். ஓடுகிற பெட்டி எந்த வீட்டிலும் இல்லை. ஒரு வீட்டில் தோல் உறைக்குள் ஒரு பழைய பெட்டி கிடைத்தது. பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. அந்த நேரத்தில் எங்களுக்கு உலகம் முழுவதும் எட்டும் குரல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர், முக்காணி என்று ஆறு போகும் வரிசையில் ஊர் ஊராகப் பெயர் சொல்லும் குரல் ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அதைச் செய்யக் கருவி புதிதாக எதுவும் வேண்டாம். மத்திய அலை ஒலிபரப்பி ஒன்று ஒரு மாவட்டம் முழுவதற்கும் எட்டும், வெள்ளம் இடையில் எத்தனை கம்பங்களைச் சாய்த்தாலும் கேட்கும். நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடினால் போதும். ஆகவே மிச்சமிருக்கும் ஒலிபரப்பிகளை நிறுத்தக் கூடாது, நிறுத்தியவற்றில் ஆற்றுப்படுகைகளுக்கும் கடற்கரைக்கும் உரியவற்றை மறுபடி ஓட்ட வேண்டும் என்று நான் கேட்கிறேன். கூடவே, தாமிரபரணிக் கரையில் உள்ள ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் இரண்டு பேட்டரியில் ஓடும் மத்திய அலைப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் பேட்டரியை மாற்றி, திருநெல்வேலி கேட்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும்.